ஐந்தாவது அரைத்தூண்: பழைய பங்குக் கோயில் ஒன்றை அளந்து வரைந்த அனுபவம்

எங்கள் பங்குக் கோயிலின் ஓட்டுக் கூரையைப் பிரித்து மறுபடி மேய வேண்டும் என்று முடிவானதும் பங்குத்தந்தை கேட்டது ஒன்றே ஒன்றுதான். "கோயிலோட பிளான் யார்கிட்டயாவது இருக்கா?"

யாரிடமும் இல்லை. சக்ரீஸ்து, அதாவது பூசைப் பொருள்கள் வைக்கும் அறை. அங்கே பீரோவைக் குடைந்து பார்த்தோம். பழைய லத்தீன் பூசைப் புத்தகம், திருவிழாக் கணக்கு நோட்டு, கெபி (மாதா குகை) கட்டிய ரசீதுகள் எல்லாம் இருந்தன. வரைபடம் மட்டும் இல்லை. நான் இருபது வருடம் கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவன். "நானே அளந்து தர்றேன் ஃபாதர்" என்று சொல்லிவிட்டேன். மூன்று ஞாயிறு மதியங்களில் முடியும் என்று நினைத்த வேலை நான்கு மாதம் ஓடியது. அதற்குக் காரணம் ஒரு தூண்.

கோயில் முகப்பில் 1891 என்று கல் பதித்திருக்கிறது. ஆகவே அந்த வருடம் கட்டிய கோயில் என்பதுதான் ஊர் அறிந்த வரலாறு. நூற்றாண்டு விழா கொண்டாடியதும் அந்தக் கணக்கில்தான். நானும் அப்படியே நம்பித்தான் டேப்பை எடுத்தேன்.

கருவிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். 30 மீட்டர் இரும்பு டேப், 5 மீட்டர் கைட்டேப், லேசர் மானி, தூக்குக்குண்டு, டியூப் லெவல், கட்டுநூல், சாக்பீஸ், அட்டையில் கிளிப் போட்ட தாள். துணி டேப், ஃபைபர் டேப் இரண்டும் வேண்டாம். நீண்ட தூரத்துக்கு இழுக்கும்போது அவை நீள்கின்றன. லேசர் வசதிதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரில் சிவப்புப் புள்ளி கண்ணுக்கே தெரியாது. ஒரு கறுப்பு அட்டையைச் சுவரில் பிடித்துக்கொண்டால் தெரியும். உதவிக்கு என் அண்ணன் மகள் வந்தாள். டேப்பின் மறுமுனையைப் பொறுப்பாகப் பிடிக்க ஓர் ஆள் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

முதல் நாள் ஒரு தப்பு செய்தேன். சுவரோரம் ஒவ்வோர் இடைவெளியையும் தனித்தனியாக அளந்து கூட்டினேன். மொத்த நீளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றரை அங்குலம் இடித்தது. ஒவ்வோர் அளவிலும் விழுந்த சின்னப் பிசகெல்லாம் சேர்ந்துகொண்டது. மறுவாரம் எல்லாவற்றையும் அழித்துவிட்டு, டேப்பின் பூஜ்யத்தைப் பீடத்துப் பின்சுவரில் வைத்து, டேப்பை நகர்த்தாமல் ஒவ்வொரு தூணின் ஓரத்தையும் தொடர் அளவாகக் குறித்தோம். தரையில் அளக்கவில்லை. தூண்களின் அடிப்பீடம் துருத்திக்கொண்டிருக்கும், தரை ஓரத்தில் காரை புடைத்திருக்கும். நாலடி உயரத்தில் நூல் கட்டி, அந்த மட்டத்திலேயே முழுக் கோயிலையும் அளந்தோம்.

கோயில் கிழக்கு மேற்காக ஓடுகிறது. பீடம் கிழக்கே, வாசல் மேற்கே. நடுவில் தூண் இல்லாத ஒற்றைக்கூடம். இரண்டு பக்கச் சுவரிலும் ஒட்டினாற்போல அரைத்தூண்கள். திசையைக் குறிக்கப் போன் காம்பஸை உள்ளே வைத்துப் பார்த்தால் முள் ஆடிக்கொண்டே இருந்தது. பாடகர் மாடியைத் தாங்கும் இரும்பு கர்டர்கள்தான் காரணம். வெளியே முற்றத்துக்குப் போய், சுவருக்கு இணையாக நூல் கட்டி எடுத்த திசைதான் படத்தில் இருக்கிறது.

அப்புறம் அந்தத் தூண் விஷயம்.

பீடத்திலிருந்து வாசல் நோக்கி வந்தால் முதல் நான்கு ஜோடி அரைத்தூண்கள், ஒவ்வொன்றும் 1 அடி 4½ அங்குல அகலம். நடு மையத்துக்கு நடு மையம் சரியாக 11 அடி. ஐந்தாவது ஜோடி மட்டும் 2 அடி 9 அங்குலம். அதற்கு மேலே கூடத்தின் குறுக்கே ஒரு பெரிய வளைவு. அதைத் தாண்டியதும் இன்னும் 24 அடி. அதன் நடுவே, 12 அடியில், ஆறாவது ஜோடி. அதன் அகலம் ஒன்றரை அடி. அப்புறம் முகப்புச் சுவர்.

ஒரே வருடத்தில் ஒரே கொத்தனார் கட்டிய கட்டடம் ஏன் நடுவழியில் 11 அடியை விட்டு 12 அடிக்கு மாற வேண்டும்? ஐந்தாவது தூண் மட்டும் ஏன் இரட்டை அகலம்? கூடத்தை அழகாகப் பிரித்துக் காட்டத்தான் அந்த வளைவு என்று சிறுவயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். அழகுக்காக ஒருவர் அத்தனை செங்கல்லைச் செலவழிப்பாரா என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

சன்னல் ஓரங்களில் சுவரின் கனத்தை எடுத்தோம். பீடத்துப் பக்கம் 2 அடி 10 அங்குலம். வளைவைத் தாண்டி வாசல் பக்கம் 2 அடி. பத்து அங்குல வித்தியாசம்! வெளியே போய் ஐந்தாவது தூணுக்கு நேர் பின்னால் பார்த்தோம். தரையிலிருந்து கூரை வரை தூக்குக்குண்டு பிடித்தது போல நேராக ஒரு விரிசல். அது எல்லாருக்கும் தெரிந்த விரிசல்தான். சில வருடத்துக்கு ஒருமுறை யாராவது சிமெண்ட் பூசுவார்கள், அடுத்த கோடையில் மறுபடி வாயைத் திறக்கும். கட்டடம் பலமிழந்துவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பேச்சு எழுந்தபோதெல்லாம் சாட்சிக்கு அழைக்கப்பட்டது இந்த விரிசல்தான்.

அளவுகளைப் பார்த்த பிறகு அது வேறு மாதிரித் தெரிந்தது. பலமிழந்து பிளந்த விரிசல் பெரும்பாலும் படிக்கட்டுப் போல, செங்கல் இணைப்பைப் பிடித்துக்கொண்டு சாய்வாக ஏறும். இது செங்குத்துக் கோடு. பழைய சுவரோடு புதுச்சுவரைச் சேர்க்கும்போது செங்கல்லைப் பல் விட்டுக் கோக்காமல், ஒட்டினாற்போலக் கட்டியதால் வந்த சந்து. இரண்டுக்கும் அடித்தளம் வேறு, பாரம் வேறு. வெயிலுக்கும் மழைக்கும் அவை தனித்தனியாகத்தான் அசையும். அந்தச் சந்தில் சிமெண்ட் நிற்காது. அது சுண்ணாம்புக் காரையைவிடக் கடினம், வளைந்து கொடுக்காது. ஈரத்தையும் வெளியே விடாமல் உள்ளே தள்ளும். கடைசியாகப் பூசிய ஒப்பந்தக்காரர் இருபுறமும் அரையடி அகலத்துக்குச் சிமெண்ட் அப்பியிருந்தார். அதன் ஓரமெல்லாம் செங்கல் உப்புப் பூத்து மாவாக உதிர்கிறது. சிமெண்ட்டை உளியால் மெல்ல எடுத்துவிட்டு, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பும் மணலும் கலந்த சாந்தை மட்டும் சந்தில் அடைக்கச் சொல்லியிருக்கிறேன். திரும்ப விரிந்தாலும் பரவாயில்லை, மறுபடி அடைத்துக்கொள்ளலாம். செங்கல் பிழைக்கும்.

ஆக, கோயில் இரண்டு தடவை கட்டப்பட்டிருக்கிறது. வாசல் பக்கம் பின்னால் நீட்டியது என்பது தெளிவாகிவிட்டது. பீடத்துப் பக்கத்தைக் கட்டியவர் யார் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அளவுகளை வைத்து யோசித்தேன். கூடத்தின் உள்ளகலம் 24 அடி 8 அங்குலம். இரு பக்கக் காரையையும் அரை அரை அங்குலமாகச் சேர்த்தால் செங்கல்லுக்குச் செங்கல் 24 அடி 9 அங்குலம். பீடத்திலிருந்து தடித்த தூண் வரை அதே கணக்கில் 55 அடி. சுவரின் 2 அடி 10 அங்குலத்தில் காரையைக் கழித்தால் 2 அடி 9. அடிக் கணக்கில் கட்டுகிறவர் 25 அடி வைப்பார், 24 வைப்பார். 24 அடி 9 அங்குலம் எதற்கு? இயேசு சபைக் குருக்கள் இந்தப் பக்கம் நடத்திய மதுரை மிஷன் 1773-ல் அந்தச் சபை கலைக்கப்பட்டதோடு தளர்ந்து, 1830-களின் கடைசியில் பிரெஞ்சு இயேசு சபைக் குருக்கள் வந்த பிறகுதான் மறுபடி தழைத்தது. அதனால் மீட்டரில் போட்டுப் பார்த்தேன். 7.54 மீட்டர். ஒத்துவரவில்லை. மீட்டருக்கு முந்தைய பழைய பிரெஞ்சு அடி 32.48 செ.மீ. அதில் 23-க்கு மேல் ஒரு துண்டு நிற்கிறது. அதுவும் இல்லை.

விடையைச் சொன்னவர் கூரை மரத்தைப் பார்க்க வந்த ஆசாரி. எழுபதைத் தாண்டியவர். என் தாளை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"இது அடிக் கணக்கு இல்ல தம்பி. முழக்கோல் கணக்கு."

"எப்படிய்யா சொல்றீங்க?"

"சுவரு ரெண்டடி ஒம்போது அங்குலம்னு எழுதியிருக்கீங்கள்ல? அது ஒரு தச்சுமுழம். மிச்சத்தை அதால வகுத்துப் பாருங்க."

தச்சுமுழம் என்பது ஆசாரிமாரின் அளவுகோலான முழக்கோலின் நீளம், 33 அங்குலம். அதில் 24 விரல். ஒரு விரல் ஒன்றேகாலே அரைக்கால் அங்குலம். அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து வகுத்தேன். கூடத்தின் அகலம் 9 முழம். நீளம் 20 முழம். தூணுக்குத் தூண் 4 முழம். அரைத்தூணின் அகலம் அரை முழம். ஓர் இடத்தில்கூடத் துண்டு விழவில்லை. எழுந்து போய் அந்த ஐந்தாவது தூணைத் தொட்டுப் பார்த்தேன். கை தானாகப் போனது என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தக் கோயிலின் வடிவம் ஐரோப்பாவிலிருந்து வந்தது. நீண்ட கூடம், கிழக்கே பீடம், அரைவட்ட வளைவு, சுவரோடு ஒட்டிய தூண் எல்லாமே வெளியிலிருந்து வந்தவை. குரு ஒருவர் அதைத் தாளிலோ மணலிலோ கீறிக் காட்டியிருப்பார். ஆனால் அந்தக் கீறலைத் தரையில் இறக்கியவரின் கையில் இருந்தது, வீட்டுக்கு மனை முடிக்கும், கோயில் தேருக்குச் சட்டம் அறுக்கும் அதே முழக்கோல். அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. ஆனால் அவருடைய கோலின் நீளம் சுவரில் அப்படியே இருக்கிறது.

மூலைமட்டத்தையும் சோதித்தோம். பழைய பகுதியின் குறுக்களவு இரண்டும் சமமாக இருந்தால் 60 அடி 2½ அங்குலம் வர வேண்டும். ஒன்று 60 அடி 4½, மற்றது 60 அடி கால் அங்குலம். அதாவது பீடத்துப் பின்சுவர் ஒரு பக்கம் சுமார் இரண்டேகால் அங்குலம் வெளியேயும், மறுபக்கம் அதே அளவு உள்ளேயும் தள்ளி நிற்கிறது. நூலும் கோலும் மட்டும் வைத்து நட்ட 55 அடிக் கட்டடத்தில் இது மிகச் சின்னப் பிசகு. படத்தில் நேராக்காமல் கோணலை உள்ளபடியே வரைந்திருக்கிறேன். அளந்து வரைகிறவர் கட்டடத்தைத் திருத்தக் கூடாது.

புதுப்பகுதியின் காலத்தை உறுதிசெய்ய இரண்டு பொருள்கள் உதவின. ஒன்று ஓடு. பிரித்து இறக்கிய ஓடுகளின் அடிப்பக்கத்தில் பாசல் மிஷன் என்ற சுவிஸ் மறைபரப்பு அமைப்பின் முத்திரை. மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். ஆனால் ஓட்டை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், அதை மட்டும் நம்ப முடியாது. இரண்டாவது, பாடகர் மாடியின் கர்டர். பெயிண்டைச் சுரண்டியதும் டார்மன் லாங் என்ற பெயர் புடைப்பெழுத்தில் தெரிந்தது. இங்கிலாந்தின் மிடில்ஸ்பரோவில் 1875-ல் தொடங்கிய கம்பெனி அது. கர்டரின் முனை சுவருக்குள் புதைந்திருக்கிறது. சுவர் எழும்போதே வைத்தால்தான் அப்படி உட்காரும். முகப்புக் கல்லின் 1891 இதோடு பொருந்துகிறது. கல் பொய் சொல்லவில்லை. அது தன் பகுதியின் வயதைச் சொல்லியது, நாம்தான் முழுக் கோயிலுக்கும் எடுத்துக்கொண்டோம்.

ஏன் நீட்டினார்கள் என்பதற்குப் பதிவேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. திருமுழுக்கு, திருமணப் பதிவேடு வைக்கும் கட்டாயம் 16-ம் நூற்றாண்டின் திரெந்து பொதுச்சங்கத்திலிருந்து வருகிறது. எங்கள் பங்கில் இருப்பவை லத்தீனில் எழுதியவை, இறகு மை பழுப்பேறியிருக்கிறது. பங்குத்தந்தை பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, கை கழுவித் துடைத்துவிட்டு ஒவ்வொரு தாளாகப் புரட்டினேன். போட்டோகூட எடுக்கவில்லை, மனிதர்களின் பிறப்பும் பெற்றோரும் எழுதிய நோட்டு அது. வருடத்துக்குச் சில பக்கங்களில் முடிந்துகொண்டிருந்த திருமுழுக்குப் பதிவு 1877-ல் பக்கம் பக்கமாகப் பெருகுகிறது. கையெழுத்தே அவசரமாக மாறுகிறது. பல வரிகளில் சாகுந்தறுவாய் என்ற பொருளில் ஒரே லத்தீன் குறிப்பு. தாது வருடப் பஞ்சம் அது; 1876-லிருந்து 1878 வரை. சென்னை மாகாணமே செத்துப் பிழைத்த காலம். அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்ட முடியவில்லை. பஞ்சத்துக்குப் பிறகும் எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கவில்லை. 55 அடிக் கோயிலில் அத்தனை பேர் நிற்க இடம் இருந்திருக்காது.

நடுவே இன்னொன்று கிடைத்தது, சுருக்கமாகச் சொல்கிறேன். பீடத்துக்கு முன் தரையில், முதல் ஜோடித் தூணுக்கு நேராக, ஒரே வரிசையில் சிமெண்ட் அடைத்த சிறு வட்டங்கள். நற்கருணை வாங்க முழந்தாளிடும் கிராதி நின்ற இடம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழிபாட்டுச் சீர்திருத்தத்தில், பீடம் சுவரை விட்டு விலகி, குரு மக்களைப் பார்த்துப் பூசை வைக்க வசதியாக இருப்பது நல்லது என்று 1964-ல் அறிவுறுத்தல் வந்தது. அதற்குப் பிறகு இங்கும் புதுப்பீடம் முன்னால் வந்தது, கிராதி போனது. போனது என்றுதான் நினைத்தேன். பாடகர் மாடிப் படியின் கைப்பிடியை அளந்தபோது அதன் குட்டித்தூண்களின் இடைவெளி தரை வட்டங்களோடு அப்படியே ஒத்துப்போனது. யாரோ ஒருவர் அதைத் தூக்கி எறிய மனமில்லாமல் வெட்டிப் படிக்கு வைத்திருக்கிறார். அந்த மனிதருக்கு என் நன்றி.

கடைசி வேலை கூரைக்குள் போவது. பாடகர் மாடியிலிருந்து மச்சுப் பலகைக்கு மேலே போக ஒரு சின்னக் கதவு உண்டு. வௌவால் எச்சம் காலுக்கடியில் மெத்தை போலக் கிடக்கும், முகக்கவசம் இல்லாமல் நுழையவே கூடாது. பலகையில் கால் வைக்காமல், உத்திரத்தின் மேல் மட்டும் நடந்தோம். ஆசாரியின் மகன் முன்னால் டார்ச்சோடு போனார், இடுப்பில் கயிறு. முக்கோணமாக ஒரு சுவர் வழியை மறித்து நின்றது. கீழே பெரிய வளைவு இருக்கும் இடத்துக்கு நேர் மேலே.

டார்ச்சை அதன் மேல் அடித்ததும் இரண்டு பேரும் பேசவில்லை. சுண்ணாம்பு மெழுகிய வழவழப்பான சுவர். உச்சியில் காரையில் வடித்த ஒரு சிலுவை, இரு பக்கமும் சுருள் கொடி. அதற்குக் கீழே மாதா சுரூபம் வைத்திருக்கக்கூடிய ஒரு சிறு மாடம், இப்போது வெறுமையாக. சிலுவையின் கைகளிலிருந்து கீழே கறுப்புக் கறுப்பாக நீர் வழிந்த தாரைகள். கூரைக்கு உள்ளே இருக்கும் சுவரில் மழைக்கறை!

அது பழைய கோயிலின் முகப்பு. 1891-ல் நீட்டியவர்கள் அந்தச் சுவரை இடிக்கவில்லை. கீழ்ப்பகுதியை மட்டும் வளைவாகத் திறந்துவிட்டு, இரு ஓரத்தையும் தூணாக விட்டுவிட்டு, மேல்பாதியை அப்படியே வைத்து அதன் மேல் புதுக்கூரையை ஓட்டியிருக்கிறார்கள். ஐந்தாவது அரைத்தூண் ஏன் ஒரு முழம் அகலம் என்ற கேள்விக்கு இதுதான் பதில். அது அந்த முகப்புச் சுவரின் கனம். சுவரின் மறுபுறம் ஏறிப் பார்த்தால் பழைய கைமரங்கள் உட்கார்ந்த துளைகள் சரிவாக இரண்டு வரிசை. பழைய கூரையின் உயரத்தையும் சாய்வையும் அந்தத் துளைகளிலிருந்தே எடுத்துவிட்டேன். இப்போதைய முகட்டுக்கு ஒன்றரை அடி கீழே அது முடிந்திருக்கிறது.

இறங்கி வந்து பழைய உபதேசியாரிடம் (ஞானோபதேசம் சொல்லித் தருபவர்) போனில் படத்தைக் காட்டினேன். ஐம்பது வருடம் இந்தக் கோயிலில் மணி அடித்தவர் அவர். திரையை வெகுநேரம் கண்ணருகே வைத்திருந்தார். "இவ்வளவு நாளும் நம்ம தலைக்கு மேலேயா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்.

படங்கள் ஆறு தாளில் முடிந்தன: தரைப்படம், நீள்வெட்டு, குறுக்குவெட்டு, முகப்பு, கூரை, பழைய முகப்பு தனியாக. பழைய பகுதியைக் கறுப்பாக நிரப்பியும், 1891-ஐச் சாய்கோடு போட்டும், பிற்காலச் சிமெண்ட் ஒட்டுகளைப் புள்ளியிட்டும் காட்டியிருக்கிறேன். தரைப்படத்தின் அடியில் இரண்டு அளவுகோல்கள்: ஒன்று மீட்டரில், ஒன்று தச்சுமுழத்தில். ஒரு பிரதி சக்ரீஸ்து பீரோவில் பதிவேடுகளோடு, ஒன்று மறைமாவட்ட அலுவலகத்தில்.

ஓட்டு வேலை போன வாரம் தொடங்கியது. பாடகர் மாடிப் பக்கத்திலிருந்து பிரித்து வருகிறார்கள். முக்கோணச் சுவரின் மேல் வெள்ளையடிக்கவோ கறையைக் கழுவவோ வேண்டாம் என்று மேஸ்திரியிடம் சொல்லி, அதன் கீழ்மூலையில் சாக்பீஸில் எழுதியும் வைத்திருக்கிறேன். நாளை அந்தப் பக்கத்து ஓடு இறங்கும். 1891-க்குப் பிறகு முதல் தடவையாக அந்தச் சிலுவை மேல் வெயில் படும். அண்ணன் மகளையும் உபதேசியாரையும் காலையிலேயே வரச் சொல்லியிருக்கிறேன்.